மூன்றாவது வேண்டாம்

விமானிகள் அறை, மினியாபொலிஸ்
ஜனவரி 22, 2001, திங்கள்

அன்புள்ள ரோண்டி,

இந்தக் கடிதம் மொத்தமே இரண்டு அங்குலம்தான் பயணம் செய்யப் போகிறது. விமானிகள் அறைச் சுவரில் ஆளுக்கொரு தபால் பொந்து. ‘ட்வைட், ஆர்லன்’ என் பொந்து, ‘ட்வைட், ரோண்டா’ உன் பொந்து, நடுவில் ஒரு பலகை. அக்டோபரிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அம்மாவிடம் பேசிவிட்டு, நான் கராஜிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் காரைக் கிளப்பிவிடுகிறாய். வேறு வழியில்லாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானாக அதை விடவில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. பதில் வந்ததே என்று சந்தோஷப்படுவேன்.

இன்று காலை, பணி ஒதுக்கும் கிளென்னைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். சனிக்கிழமை அறுபது பிறக்கிறது; அறுபது வந்த ஆளைப் பயணிகள் விமானத்தை ஓட்ட அரசாங்கம் விடாது. கடைசி நாளில் பக்கத்து இருக்கையில் யார் வேண்டும் என்று கேப்டன் கேட்கலாம், அது இங்கே வழக்கம்தானே. கேட்டேன்.

“கிளென், என் பொண்ணப் போட்டுடு.”

கிளென் கம்ப்யூட்டரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அப்புறம் தன் காப்பிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“முடியாது ஆர்லன்.”

“ஏன், அன்னிக்கி லீவா அவ?”

“லீவு இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க பேரு தவிர்ப்புச் சீட்டுல இருக்கு.”

அந்தச் சீட்டு எனக்குத் தெரியும். ‘இந்தக் கேப்டனோடு என்னைச் சேர்த்துப் போடாதீர்கள்’ என்று துணை விமானிகள் ரகசியமாக எழுதிக் கொடுக்கலாம். மூன்று பேர் எழுத இடம் உண்டாம். நீ ஒரே பேர்தான் எழுதியிருக்கிறாய். கேப்டன் வேன் டைக்கைக்கூட எழுதவில்லை, ரோண்டி! மூக்கைச் சிந்திய கைக்குட்டையாலேயே முன்கண்ணாடியைத் துடைக்கிறவன் வேன் டைக்! அவனைவிட நான் மோசமா?

மற்றபடி இன்றைய வேலை சுகம். கார்வர் லேக் ஊருக்கு இரண்டு முறை போய் வந்தேன், கூடத் துணை விமானியாகக் கைல். அரிசோனாப் பையன், பனியை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். அந்த நிலையத்தின் ஒரே ஆளான லூவேன் வழக்கம்போல டிக்கெட் கிழித்து, பெட்டி ஏற்றி, சிக்னல் கோலை ஆட்டி விமானத்தை நிறுத்திவிட்டு, எலுமிச்சை பார் இனிப்புத் தட்டோடு வந்தாள். நான் முறைப்படி வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினாள், மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை நீட்டியதும் எடுத்துக்கொண்டேன். கைல் முதல் தடவையே இரண்டு துண்டு எடுத்துவிட்டான்! லூவேன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திரும்பும் வழியெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்தேன்: மினசோட்டாவில் முதல் இரண்டு வேண்டாம் மரியாதைக்கு, மூன்றாவது வேண்டாம்தான் நிஜமான வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வருகிறாயா?

அப்பா

—

விமானிகள் அறை
ஜனவரி 23, செவ்வாய்

மதிப்பிற்குரிய கேப்டன் ட்வைட் அவர்களுக்கு,

கிளென்னுக்கு ரகசியம் என்றால் என்னவென்று நாளைக்கு நேரில் விளக்குகிறேன்.

ஏன் உங்கள் பேரை எழுதினேன் என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? அக்டோபர். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். உங்களோடு முதல் பயணம். நம் விமானத்தில் பணிப்பெண் கிடையாது, விமானி அறைக்குக் கதவும் கிடையாது. துணை விமானிதான் எழுந்து திரும்பி நின்று பயணிகளுக்குப் பாதுகாப்பு விவரம் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்ட் ஆயிற்று, அவசர வழி ஆயிற்று. “உங்கள் முன்னால் இருக்கும் பையில் வாந்திக்கான காகிதப் பை” என்று தொடங்கியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இவ என் பொண்ணுங்க! ஏழு வயசுல பிளேன்ல கூட்டிட்டுப் போனேன், என் புதுக் கேப்டன் தொப்பி நெறைய வாந்தி எடுத்தா! தொப்பி இன்னும் எங்கிட்ட இருக்கு, பாக்கறீங்களா?”

பார்க்கிறோம் என்றார்கள். நீங்கள் காட்டினீர்கள். உள்பக்கத்துக் கறையையும் சேர்த்து. தொப்பி ஒன்பதாம் வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. முதல் வரிசைக்காரர் தன் காகிதப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். “வெச்சுக்கம்மா, உதவும்.”

அவசர வழி எங்கே என்று அன்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அதோடு போயிற்றா? கைலிடம் சொன்னீர்கள். கைல் எல்லோரிடமும் சொன்னான். இன்றைக்கு இந்தத் தளத்தில் என் பேர் ரோண்டா இல்லை, ‘தொப்பி’. “தொப்பி வந்தாச்சா?” “தொப்பி, அஞ்சாம் கேட்டுக்குப் போ.” எரிபொருள் ஊற்றுகிற பையன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். நான்கு வருஷம் கல்லூரி, அப்புறம் இரண்டு வருஷம் மாணவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம் எதற்கு? தொப்பி ஆவதற்கு.

வேன் டைக்கின் கைக்குட்டை அருவருப்புதான். ஆனால் அவர் என்னை ரோண்டா என்று கூப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமைக்கு வேண்டாம். கைலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரோண்டா ட்வைட்
துணை விமானி

பி.கு.: பிழைகளைத் திருத்தவில்லை. சிவப்பு மை போதாது.

—

விமானிகள் அறை
ஜனவரி 24, புதன்

அன்புள்ள துணை விமானி ரோண்டா ட்வைட் அவர்களுக்கு,

உன் கடிதத்தை வண்டி நிறுத்துமிடத்தில் என் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து படித்தேன். ஹீட்டர் போடக்கூட மறந்துவிட்டேன், படித்து முடிக்கும்போது மீசையில் பனி.

நீ சொன்னதெல்லாம் சரி. தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாயில் பிரேக் கிடையாது, உருளைக்கிழங்கு வயலில் மருந்து தெளிக்கும் விமானத்திலேயே பாதி ஆயுசு போனவன். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அப்புறம் ஒரு நாள் பின்னால் பத்தொன்பது பேரை உட்காரவைத்தார்கள். கேட்கக் காதுகளைக் கண்டவுடன் வாயை அவிழ்த்துவிட்டேன். கைலிடம் சொன்னது இரண்டாவது தப்பு, அந்தப் பையன் வானொலி நிலையத்தில் வேலை பார்க்க வேண்டியவன்.

இன்றைக்குக் கடவுள் எனக்குத் தண்டனை கொடுத்தார். காலையில் மூன்று காப்பி. அறுபதைத் தொடுகிறவன் மூன்று காப்பி குடித்துவிட்டுக் கழிவறை இல்லாத விமானத்தில் ஏறலாமா? ஏறினேன். எதிர்க்காற்று. கார்வர் லேக் பக்கத்தில் வருவேனா என்று விலகிக்கொண்டே போகிறது. கைல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“கேப்டன், ஏன் காலை அப்படிப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

“நீ ரேடியோவப் பாரு.”

“வேகத்தக் கூட்டவா?”

“கூட்டு தம்பி, கூட்டு. கேள்வி கேக்காத.”

நின்றதும் பயணிகளுக்கு முன்னால் இறங்கி ஓடினேன். வழியனுப்ப நிற்க வேண்டிய கேப்டன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி ஓடுகிறான்! விமானத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு பேர் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கழிவறை வாசல்வரை.

வெளியே வந்தால் லூவேன் காத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மெர்ல்தான் அந்த ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர். வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கும்போது விமானத்தின்மேல் தண்ணீர் வளைவு பீய்ச்சி மரியாதை செய்கிறோம் என்கிறாள். பெரிய ஊர்களில் ஓய்வு பெறுகிற கேப்டனுக்குச் செய்வார்களே, அது. “சேச்சே, எனக்கெதுக்கு அதெல்லாம், வேண்டாம்” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், ஜனவரியில் யாராவது விமானத்தைக் குளிப்பாட்டுவார்களா?

அம்மா வெள்ளிக்கிழமை மாலை மினியாபொலிஸ் கேட்டுக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட தன் ஹாட்டிஷ் சட்டியோடு வருகிறாள். முப்பது பேருக்குச் செய்கிறாளாம். “ரோண்டா கூட வருவாளா?” என்று கேட்டாள். “பாக்கலாம்” என்றேன். அவள் தட்டைத் துடைத்த வேகத்தைப் பார்த்தால் விஷயம் அவளுக்குத் தெரியும்போலிருக்கிறது.

இன்னொரு தடவை கேட்கிறேன். வருகிறாயா?

அப்பா

—

விமானிகள் அறை
ஜனவரி 25, வியாழன்

அப்பா,

கழிவறை விஷயம் கைல் மூலமாக எனக்கு நேற்றே தெரியும். எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு ஒரு புதுப் பேர் தயாராகிக்கொண்டிருக்கிறது, அது என்னவென்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

நானும் இன்று கார்வர் லேக் போனேன். கிளம்பும் முன் இங்கே கேட்டில் பயணிகளின் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, பைலட் வந்தாச்சா?”

“வந்தாச்சு, நான்தான்.”

“இல்லம்மா, ஓட்டறவரு.”

“நான்தாங்க ஓட்டறேன். கூட கேப்டன் இருக்காரு.”

“அப்பச் சரி” என்று கேப்டன் பேரைக் கேட்டதும் நிம்மதியாக ஏறினார். இது எனக்கு வாரத்துக்கு நான்கு தடவை நடக்கிறது. திரும்பி நின்று அந்தப் பத்தொன்பது முகங்களைப் பார்க்கிற இரண்டு நிமிஷம்தான் எனக்குக் கிடைப்பது. அதற்குள் ‘இவளை நம்பலாம்’ என்று அவர்கள் நினைக்க வேண்டும். அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் விமானியாக எழுந்து நின்றேன், ஏழு வயசுப் பெண்ணாக உட்கார்ந்தேன். கோபம் வாந்திக் கதைக்காக இல்லை அப்பா. அதற்காகத்தான்.

லூவேன் தண்ணீர் மரியாதையைப் பற்றி என்னிடமும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இருப்பது ஒரே வண்டி, வளைவுக்கு இரண்டு வேண்டும். அதுவுமில்லாமல் இன்று அங்கே நான் வெளியில் கழற்றிய கையுறை ஐந்து நிமிஷத்தில் பலகை மாதிரி விறைத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமைக்கு வேண்டாம். இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

ரோண்டா

—

விமானிகள் அறை
ஜனவரி 25, வியாழன் மாலை

ரோண்டி,

இரண்டாவது தடவை என்று நீயே எண்ணி எழுதியிருக்கிறாய். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

வருகிறாயா?

வாயைத் திறக்க மாட்டேன். அந்த இரண்டு நிமிஷம் முழுக்க உன்னுடையது. நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்பா

—

விமானிகள் அறை
ஜனவரி 26, வெள்ளி காலை

அப்பா,

சீட்டிலிருந்து உங்கள் பேரை அடித்துவிட்டேன். கிளென் துள்ளிக் குதித்ததில் காப்பியைக் கொட்டிவிட்டான்.

ஒரு வார்த்தை பேசினாலும் கார்வர் லேக்கில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது கேட்டில் இருக்கிறேன். காப்பி குடிக்காதீர்கள்.

ரோண்டா

—

கார்வர் லேக் மோட்டல்
ஜனவரி 27, சனி காலை

அப்பா,

இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டு விமானத்துக்குப் போகிறேன். பிறந்தநாள் வாழ்த்துகள். நேற்று சாப்பிடும்போது நீங்கள் ஒன்றும் பேசவில்லை, டையைக்கூடக் கழற்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வாயைத் திறக்க மாட்டேன் என்றால் பயணிகளிடம் என்று அர்த்தம். செக்லிஸ்ட்டையும் படிக்க மாட்டேன் என்று அர்த்தமில்லை. “அப்பா, இதுக்கு நீங்க பதில் சொல்லியாகணும், சட்டம்” என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆனாலும் நான் எழுந்து நின்று பேசியபோது நீங்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காகிதப் பை என்று சொன்னபோது உங்கள் தோள் இரண்டும் குலுங்கின. ஆனால் சத்தம் வரவில்லை. நன்றி.

தண்ணீர் பீய்ச்சி விமானத்தை உறையவைத்ததற்காக லூவேனிடம் போய்ச் சண்டை போட்டேன். “வேண்டாம்னு சொன்னேனே லூவேன்!”

“நீ ஒரு தடவ சொன்ன. உங்கப்பா ஒரு தடவ சொன்னாரு. ரெண்டுதானம்மா ஆச்சு? மூணாவது தடவ சொல்லிடுவீங்களோன்னு வியாழக்கிழம ராத்திரி முழுக்க போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க சொல்லல. மெர்ல் அழுதுட்டாரு, அவ்வளவு சந்தோஷம்.”

நம் ஊர்க் கணக்கில் அவள் சொல்வது சரி.

மெர்லும் நல்ல எண்ணத்தோடுதான் பீய்ச்சினார். விமானம் முழுக்கப் பாகில் முக்கியெடுத்த பன் மாதிரி ஆகும் என்று அவர் நினைக்கவில்லை. கதவு உறைந்து பன்னிரண்டு பயணிகளும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்றும் நினைக்கவில்லை. லூவேன் தான் நடத்துகிற சலூனிலிருந்து தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து கதவு ஓரமெல்லாம் காட்டித் திறந்தாளே, அப்போதுகூட நீங்கள் வாய் திறக்கவில்லை. அதற்குள் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பனி கரைக்கும் மருந்து ஒரு பீப்பாய்தான் இருந்தது. இடது இறக்கையோடு தீர்ந்துவிட்டது. நீங்கள் வலது இறக்கைக்குக் கீழே நின்று, தொங்குகிற பனிக்கட்டிகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒடித்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்பது மாதிரி. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

நாம் மாறி மாறி ஓட்டியதில் கார்வர் லேக் வந்தது என் முறை. “இத நீ ஓட்டு, கடைசி எனக்கு” என்று விரலால் ஜாடை காட்டினீர்கள். அந்தக் கடைசி வரவேயில்லை. அப்படியானால் உங்கள் கடைசித் தரையிறக்கம் நேற்று மதியம் மினியாபொலிஸில் நடந்தது. அது மூன்று தடவை குதித்தது அப்பா. பயணிகள் மூன்று ஊர் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அம்மாவிடம் பேசினேன். முப்பது பேர் ஹாட்டிஷை கிளென்னும் கைலும் மூட்டை தூக்குகிறவர்களும் சாப்பிட்டார்களாம். கைல் முதல் தடவையே மூன்று கரண்டி வாங்கிக்கொண்டான் என்று அம்மா இன்னும் புலம்புகிறாள்.

புதுக் கேப்டன் கம்பெனி வேனில் மருந்துப் பீப்பாயோடு வந்து சேர்ந்துவிட்டார். வேன் டைக். கைக்குட்டையோடு.

உங்களுக்கு ஆறாம் வரிசை, சன்னல். இன்று நீங்கள் பயணி. எதையும் தொடக்கூடாது. நீங்கள் பேசக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. நான் பேசக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

ரோண்டா

—

ஆறாம் வரிசை, ஆகாயம்
ஜனவரி 27, சனி

ரோண்டி,

காகிதம் இல்லை. இருக்கைப் பையில் கிடைத்த வாந்திப் பையில் எழுதுகிறேன். பதறாதே, காலிப் பைதான்.

பயணியாக உட்காருவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. என் கால்கள் முன் இருக்கையின் அடியில் பெடலைத் தேடுகின்றன. பக்கத்தில் கேக் டப்பாவை மடியில் வைத்திருக்கிற ஒரு பெண்மணி, “மொதத் தடவையா பிளேன்ல வர்றீங்களா? பயப்படாதீங்க” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் நீ எழுந்து திரும்பி நின்றாய்.

நீ பேசியதை இங்கேயே எழுதி வைத்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போவதற்குள் நானே ஏதாவது மசாலா சேர்த்துவிடுவேன்.

“வணக்கம். நான் ரோண்டா ட்வைட், இன்னிக்கி மினியாபொலிஸ் வரைக்கும் நான்தான் ஓட்டறேன். பெல்ட் இப்படி. அவசர வழி ரெக்கை பக்கம், எல்லாரும் ஒரு தடவ திரும்பிப் பாத்துக்குங்க. பாத்தாச்சா? நல்லது. உங்க முன்னாடி ஒரு காகிதப் பை இருக்கு. எனக்கு ஏழு வயசுல அது கெடைக்கல. ரெண்டே சீட்டு இருக்கிற சின்னப் பிளேன், நல்ல ஆட்டம். ‘அப்பா, வருது’ன்னேன். அந்த மனுஷன் ஒரு கையால பிளேனப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தலையில இருந்த தொப்பியக் கழட்டி எங்கிட்ட நீட்டினாரு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கேப்டன் தொப்பி. யோசிக்கவே இல்ல. ‘இதுல எடு தங்கம்’ன்னாரு. இங்க எல்லாரும் என்னத் தொப்பின்னுதான் கூப்பிடுவாங்க. இனிமே கூப்பிட்டுக்கட்டும். அவரு ஆறாம் வரிசையில உக்காந்திருக்காரு. நேத்து வரைக்கும் இந்த விமானத்தோட கேப்டன். இன்னிக்கி அவருக்கு அறுபது. செல்போன் இருந்தா அணைச்சுடுங்க.”

கைதட்டினார்கள். கேக் பெண்மணி என் கையைச் சட்டென்று விட்டுவிட்டாள், அப்புறம் மறுபடி பிடித்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினாள். இரண்டாவது வேண்டாமைச் சொல்லாமலே வாங்கிக்கொண்டேன். கைல் பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பான்.

இருபது வருஷமாக அந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு தடவைகூட நீ சொன்ன விதத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. என் கதையில் வாந்திதான் இருந்தது.

வேன் டைக் இப்போது கைக்குட்டையை எடுக்கிறான். பார்க்காதே. துடைத்துவிட்டான்.

இறங்கிவிட்டோம். எப்போது தரையைத் தொட்டாய் என்றே தெரியவில்லை, என் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான் தொட்டது, ரோண்டி. எண்ணினேன்.

சன்னலில் அம்மா தெரிகிறாள். கையில் புதுச் சட்டி. கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு விமானி சன்னலைப் பார்த்துக் கையாட்டுகிறாள், உனக்குத்தான். நான் பின்னால் இருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இந்தப் பையைத் தொப்பிக்குள் போட்டு முன்னால் அனுப்புகிறேன். ஐந்தாம் வரிசை, நான்காம் வரிசை என்று கைமாறிக் கைமாறி உன்னிடம் வந்து சேரும். உள்ளே கறை இருக்கும், அது உன்னுடையது. தொப்பியும் இனி உன்னுடையதுதான். நீ கேப்டன் ஆகிறவரைக்கும் அலமாரியில் கிடக்கட்டும்.

திருப்பித் தர வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

அப்பா